கோவில்பட்டிச் செம்மண்

டைமரைத் திருகி இருபதில் விட்டுவிட்டுத் திருமேனி ஸ்டூலில் உட்கார்ந்தான். இனி இருபது நிமிடத்துக்கு அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. வேலையெல்லாம் எதிரே மரத்தாங்கியில் நிற்கிற கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிறவர்களுக்குத்தான். நடுவிரல் நீளக் குழாய், அடியில் ஒரு மடக்குக்கும் காணாத கலங்கல் தண்ணீர். அதற்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா. காசநோய்க் கிருமிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை ஆக வேண்டும், ஆனால் அண்ணனுடைய குணம் ஒன்றுகூட ஒட்டாமல், மண்ணிலே பிறந்து மண்ணிலே கிடந்து, யாருக்கும் கெடுதல் நினைக்காத ஜென்மங்கள். அவர்களுக்கு நடுவே சற்று முன் அவன் சொட்டாக விட்ட வைரஸ். பாக்டீரியாவைத் தொற்றுகிற வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். ஒரு பாக்டீரியாவின் மேல் போய் உட்காரும், ஓட்டை போடும், உள்ளே இறங்கும், அங்கேயே நூறு குட்டி போடும், கடைசியில் குடியிருந்த வீட்டை வெடிக்க வைத்துவிட்டு நூறும் வெளியே வரும். கேட்கும்போது என்னவோ பெரிய சண்டியர் கதை மாதிரி இருக்கும். உண்மையில் அதற்குக் காலும் இல்லை, கண்ணும் இல்லை, துடுப்பும் இல்லை. தேடிப் போகாது. தண்ணீர் எங்கே தள்ளுகிறதோ அங்கே போய், யார் மேலாவது தற்செயலாக மோதினால் உண்டு; மோதாவிட்டால் அப்படியே மிதந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான், நாள் கணக்கில், வருஷக் கணக்கில், உயிர் இருக்கிறதா இல்லையா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாத ஒரு நிலையில். அந்த மோதலுக்குத்தான் இந்த இருபது நிமிடம். குலுக்காதீங்க, ஆட்டாதீங்க, பக்கத்துல உட்கார்ந்து முறைச்சுப் பார்க்காதீங்க என்று ஜெசிந்தா மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். திருமேனி முறைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அதைப் பார்க்காவிட்டால் கண் பக்கத்தில் கிடக்கிற தாளுக்குப் போகும்.

போயே விட்டது. மண் மாதிரி விவரத்தாள் என்று தடித்த எழுத்தில் அச்சடித்த தாள். எடுத்த இடம், எடுத்த தேதி, ஆழம், மண்ணின் சூடு, நிறம், இடத்தைப் பற்றிய குறிப்பு, கீழே மாணவர் கையெழுத்து. நான்கு மணிக்கு மேடம் வந்து அதை வாங்கிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். ஏற்றிவிட்டால் அது மற்றக் கல்லூரிக்காரர்கள் கண்டுபிடித்த ஃபேஜ்களோடு பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும், திருமேனி கிழவனாகிச் செத்த பிறகும் எழுந்திருக்காது. அந்தத் தாளில் அவன் பெயரும் தேதியும் மண்ணின் நிறமும்தான் நிஜம். மீதியெல்லாம் தீபாவளி லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை இந்த மேஜையைச் சுற்றி நின்றபோது அவன் வாயிலிருந்து வந்தது. ஃபேஜ் தேடுவதற்கு ஆளுக்கு ஒரு கரண்டி மண் ஊரிலிருந்து கொண்டு வரணும் என்று மேடம் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் வருட மைக்ரோபயாலஜியில் பதினொரு பேர், பதினொரு பை. ஆவுடைச்செல்வியின் மண் விளாத்திகுளம் பக்கத்து ஆட்டுப்பட்டியிலிருந்து. பட்டணத்துல காலேஜ் படிக்கவ புழுக்கை பொறுக்க வந்திருக்கா பாரு என்று அவள் அப்பா சிரித்துச் சிரித்துத் தோண்டிக் கொடுத்தாராம். அப்துல் கனியின் மண் மேலூரில் அவன் மாமாவின் பிரியாணிக் கடைக்குப் பின்னால் சட்டி கழுவுகிற இடத்திலிருந்து. மாமா, மாமி, மாமி மகள் மூன்று பேரும் சேர்ந்து இடம் காட்டினார்களாம், மாமி மகள் கொஞ்சம் அதிகமாகவே காட்டினாளாம். இப்படி ஒவ்வொரு பைக்குப் பின்னாலும் ஒரு ஆள் நின்றார். திருமேனியின் பையில் இருந்தது ஹாஸ்டலில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வார்டன் எந்தக் காலத்திலோ வாங்கி வைத்து மறந்துபோன சிமெண்டுத் தொட்டியின் மண். அதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் ஒரு வரி சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஊருக்குத்தானே போனாய் என்பார்கள், லீவு விட்டதும் நாங்கள்தானே உன்னைக் கையாட்டி அனுப்பினோம் என்பார்கள். வாய் திறந்துகொண்டது. திறந்துவிட்டால் அது அவன் சொல்வதைக் கேட்பதில்லை, பால்வாடியிலிருந்தே அப்படித்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தூர்த்த கிணறு இருக்கிறது என்றது வாய். ஏன் தூர்த்தார்கள்? வாளியை விழுங்கியது. ஒன்றிரண்டு இல்லை, நாற்பத்தொரு வாளி. கடைசியில் மோட்டார் வைத்து இறைத்துப் பார்த்தால் அடியில் ஒரே ஒரு வாளி, அதுவும் தெருவில் யாருடையதும் இல்லை. பயந்துபோய் மண்ணைக் கொட்டி மூடினார்கள். மூடின மண்ணில், ரயிலில் பின்னங்கால் போன ஒரு நாய் வந்து படுத்தது. எட்டாம் நாள் புண் ஆறி எழுந்து, வாலை ஆட்டிவிட்டு, மறுபடியும் தண்டவாளத்துக்கே போனது. அன்றிலிருந்து தெருவில் யாருக்குக் காலில் வெட்டுப்பட்டாலும் அம்மா அந்த மண்ணில் ஒரு சிட்டிகை அள்ளி அப்பிவிடுவாள். மழை தூறிக்கொண்டிருந்தது, அம்மா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்க, இவன் ஸ்பூனால் தோண்டினான். நாற்பத்தொன்றை முப்பதாகக் குறைத்துக்கொள்ளேன் என்று கனி பேரம் பேசினான். நாய்க்கும் எல்லாரும் சிரித்தார்கள். குடையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

பதினாறு நிமிடம். ஜன்னலுக்கு வெளியே பைபாஸில் லாரிகள் போகிற சத்தம், இங்கே பர்னரின் சின்ன நீல நாக்கு, ஃபிரிட்ஜின் முனகல். மற்றவர்கள் கண்ணாடித் தட்டுகளில் கலவையை ஊற்றி முடித்து டீக்குப் போய்விட்டார்கள். வாடா என்றுதான் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்களோடு முடித்திருக்க வேண்டிய வேலையை வேண்டுமென்றே இழுத்துக்கொண்டிருந்தான். அதோடு போயிருந்தால், வெள்ளாவியில் வைத்தாலும் வெளுக்காத ஒரு பொய் என்று எல்லாரும் ஒருநாள் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். வினை எங்கே வந்ததென்றால் அந்தத் தொட்டி மண்ணில் வந்தது. பதினொரு மண்ணைக் கரைத்து, வடிகட்டி, பாக்டீரியாவோடு சேர்த்துத் தட்டில் ஊற்றி வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஏழு தட்டில் பாக்டீரியா பாலாடை மாதிரி சிக்கென்று படர்ந்திருந்தது, ஒரு பொத்தல் இல்லை. கனி தன் ஃபேஜுக்கு மாமி மகள் பெயர் வைப்பதாக அறிவித்திருந்தான். அவன் தட்டில் ஒன்றுமே வராததால் அந்தப் பெண் தப்பித்தாள். மூன்று தட்டில் ஊசி குத்தின மாதிரி ஏதோ. திருமேனியின் தட்டில் மட்டும் கடலைப் பருப்பு அகலத்துக்குத் தெளிந்த வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஃபேஜ் குடும்பம் தின்று தீர்த்த இடம். அதுவும் வெறும் வட்டமில்லை. மழைக்காலத்தில் நிலா கோட்டை கட்டுமே, அந்த மாதிரி ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி மங்கலாக இன்னொரு வளையம். மேடம் தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு வருஷமா பிள்ளைங்க மண்ணு கொண்டு வர்றாங்க, இப்படி ஒண்ணு வந்ததில்ல என்றார். கண்டவன்தான் பேர் வைக்க வேண்டும், வைத்த பேரை மாற்றக் கூடாது என்பது அங்கே வழக்கம். சொர்ணம் என்று வைத்தான், அம்மா பெயர் சொர்ணத்தாய். அதில் பொய் இல்லை. அதற்கப்புறம் மேடம் அந்தக் கிணற்றைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டு இல்லை, நோட்டுப் புத்தகத்தோடு. புண் எத்தனை நாளில் ஆறும், ஈரமாக அப்புவார்களா காய்ந்தா, தெருவில் வேறு யார் பயன்படுத்துகிறார்கள். அவர் கேட்கக் கேட்க இவன் சொல்லச் சொல்ல, நாய் மாடாகி, மாடு மனுஷனாகி, பக்கத்து வீட்டு ஆசாரியின் பெருவிரல் வரை வந்துவிட்டது. வருகிற மாதம் மாணவர் மாநாட்டில் வைக்கப்போகிற போஸ்டரில் ஒரு பத்தி சேர்த்துவிட்டார்: இவ்விடத்து மண் காயங்களை ஆற்றும் என அப்பகுதி மக்கள் நம்புகின்றனர். அப்பகுதி மக்கள். அச்சில் அதைத் திருமேனி இரண்டு தடவை படித்தான்.

நிறம் என்ற கட்டத்தில் அவன் செம்மண் என்று எழுதியிருந்தான். மற்றதில் எல்லாம் பொய் சொன்னவனுக்கு அதில் மட்டும் சத்தியம் எங்கிருந்து வந்ததோ. வந்ததற்குக் காரணம் இருக்கிறது: மீந்த மண்ணைப் பேர் எழுதி ஒட்டி ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கோவில்பட்டி என்றால் கரிசல் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். செவல், அதாவது செம்மண், அந்தப் பக்கம் அடியோடு கிடையாது என்று இல்லை, ஆனால் அவன் சொன்ன தெருவில் கிடையாது. மேடம் நாகர்கோவில்காரர், அவருக்கு மண் என்றால் மண். ஆனால் ஆவுடை கரிசலில் பிறந்து கரிசலில் நடந்தவள். இரண்டாவது வாரம் ஒருநாள் ஃபிரிட்ஜைத் திறந்து அவன் குழாயை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒங்க தெருவுல மட்டும் எப்பிடிச் செவல் வந்துச்சு என்று கேட்டாள். கிணற்றைத் தூர்க்க ஒரு கான்ட்ராக்டர் ஆரல்வாய்மொழியிலிருந்து லாரியில் அடித்த மண் என்றான். அவள் ஓகோ என்றாள். அவ்வளவுதான். குழாயை இருந்த இடத்தில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, கையைக் கழுவினாள். அந்த ஓகோ இன்றைக்குப் பதினெட்டு நாளாகத் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. நம்பின ஓகோவா, நம்பாத ஓகோவா, நம்பாவிட்டாலும் பரவாயில்லை என்கிற ஓகோவா. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும்போது ஓகோ. குளிக்கும்போது தண்ணீர் தலையில் விழுந்ததும் ஓகோ. ஒருவேளை அவள் எல்லாரிடமும் சொல்லி, எல்லாருமாகச் சேர்ந்து அவனிடம் மட்டும் தெரியாத மாதிரி நடக்கிறார்களோ. இல்லை, கனிக்கு அவ்வளவு நடிப்பு வராது. ஒருவேளை அவள் யாரிடமும் சொல்லாமல் அவன் தானே வந்து சொல்வான் என்று காத்திருக்கிறாளோ. அதைவிட அவள் எல்லாரிடமும் சொல்லியிருந்தால் தேவலை. காத்துக்கொண்டிருக்கிற மனுஷிக்கு என்ன பதில் சொல்வது. கலங்கல் தண்ணீரில் ஒன்றும் அசைந்ததாகத் தெரியவில்லை. தெரியவும் தெரியாது. இந்நேரம் எத்தனை மோதியிருக்கும், எத்தனை இன்னும் ஒன்றிலும் படாமல் திரியும்.

பன்னிரண்டு. பொய் ஒன்று தாளோடு நின்றிருந்தால்கூடக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க உறுத்தலோடு இருந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்கிறது. ஒரே இடத்தில் மறுபடியும் மண் எடுத்து அதே ஃபேஜ் இருக்கிறதா என்று பார்த்தால்தான் விஷயம் உறுதியாகும் என்று மேடம் நேற்றுச் சொன்னார். அது நியாயம். நான் வேன் பேசுறேன், எல்லாருமே போவோம், மதுரையிலிருந்து ரெண்டு மணி நேரந்தானே என்றார். அதுவும் நியாயம். அப்போது கனி, மேடம் சாப்பாடு என்று இழுத்தான். திருமேனியோட அம்மா கத்திரிக்கா எண்ணெய்க் குழம்பு வைப்பாங்கனு இவன் ரெண்டு வருஷமா சொல்லிச் சொல்லியே எங்களை மெஸ்ஸுல பட்டினி போட்டிருக்கான் மேடம் என்றான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பத்து முகம், அத்தனையிலும் பசி, அத்தனையிலும் பிரியம். அதுக்கென்ன, அம்மா செய்வாங்க என்றது வாய். இன்று காலை ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டான். ஓசூரில், அக்கா வீட்டில், ஒரே அறையில் அடுப்பும் பாயும் தொட்டிலும் இருக்கிற வீட்டில் அம்மா போனை எடுத்து மெதுவாகப் பேசினாள், அத்தான் ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறார், குழந்தையும் இப்போதுதான் கண்ணை மூடியிருக்கிறது. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அது முடிந்து மூன்றாவது மாதம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா அக்காவோடு போய்விட்டாள். அத்தான் நல்ல மனுஷன். அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியிருந்தால் அவரைக் கோபித்துக்கொண்டாவது இருக்கலாம். கோபித்துக்கொள்ள ஆளில்லை; வீட்டில் இடம் இல்லை, அவ்வளவுதான். தீபாவளிக்கு வரவா என்று கேட்டபோது நீ வந்தா அவரு வாசல்ல படுக்கணுமேய்யா, பொங்கலுக்குப் பாப்பம் என்று அம்மா சொன்னதில் ஒரு பிசகும் கிடையாது. இன்று காலை அவன் கேட்டது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோவில்பட்டி வர முடியுமா என்று கேட்டான். எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. தொட்டில் கயிறு கிறீச்சிட்டது, ஆட்டிவிட்டாள் போல. அப்புறம் அவள் சொன்னாள்:

"அங்க நமக்கு யாருய்யா இருக்கா?"

சும்மா கேட்டேம்மா என்று வைத்துவிட்டான். ஒன்பது நிமிடம், இல்லை, எட்டரை. டைமரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தால் நகரவில்லை, வேறு பக்கம் திரும்பினால் ஓடிவிடுகிறது. வேறு பொய் ஒன்று சொல்லிச் சமாளித்தால் என்ன. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. உடனே மேடம் பார்க்கப் போவோம் என்பார், ஆரஞ்சுப் பழத்தோடு. வீட்டை இடித்துவிட்டார்கள், அப்படியானால் இடித்த மண்ணையே எடுப்போம் என்பார். பெரியப்பாவைச் சாகடிக்கலாம் என்றால் அவரை முதல் வருடமே இன்டர்னல் பரீட்சைக்காகச் சாகடித்தாயிற்று, ஒரு ஆளை எத்தனை தடவைதான் சாகடிப்பது, அதுவும் இல்லாத பெரியப்பாவை. சரி, போயே விடலாம். வேன் போய் நிற்கிறது. தெருவின் பெயர்கூடச் சரிதான், வீட்டு நம்பரும் சரிதான், நீலக் கதவு. பதினொரு பேரும் மேடமும் இறங்குகிறார்கள், கனி வயிற்றைத் தடவிக்கொள்கிறான். கதவைத் தட்டுகிறான். திறக்கிறது யார்? இப்போது குடியிருக்கிற யாரோ ஒரு அம்மாள், கையில் வெங்காயமும் கத்தியும், யாரு வேணும் என்கிறாள். அவள் பின்னால் அவன் வளர்ந்த அறை, சுவரில் வேறு யாரோ பிள்ளையின் ஸ்கூல் போட்டோ. அவன் திரும்பிப் பார்க்கிறான். பின்னால் நிற்கிறவர்கள் முகத்தில் இருப்பது கோபம் இல்லை. கோபம் என்றால் வாங்கிக்கொள்ளலாம். ஐயோ பாவம் என்கிற முகம். பத்து ஐயோ பாவம், மேடத்தோடு பதினொன்று. அதோடு திரும்பி வேனில் இரண்டு மணி நேரம் வர வேண்டும், வழியில் யாராவது அவனுக்கு மட்டும் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பார்கள். அதற்கப்புறம் இந்த வகுப்பில் அவனை யாரும் கிண்டல் பண்ண மாட்டார்கள். கனி அவனை டேய் என்று கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு விநாடி யோசிப்பான். கிண்டல் இல்லாத கனியோடு எப்படி இருப்பது. இரண்டு வருடமாக அவனுக்கு இங்கே இருந்ததெல்லாம் அந்தக் கிண்டல்தானே, அதற்காகத்தானே நாற்பத்தொரு வாளியும்.

லீவு நாள்களைப் பற்றி நினைத்தால் மட்டும் நினைப்பு நிற்காது. பாசி பிடித்த படியில் கால் வைத்தது போல வழுக்கி அந்தப் பக்கம் போய்விடும். ஐந்து நாள். கிணற்றைப் பற்றி ஐந்து நாள் பேசச் சொன்னால் பேசுவான், அந்த ஐந்து நாளைப் பற்றி ஐந்து வார்த்தை வராது. என்ன நடந்தது என்றால் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததை எப்படிச் சொல்வது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் தொட்டியைப் பார்த்தான், அதில் ஸ்பூனைக் குத்தினான். ஏன் அதற்கு முந்தின நாள் குத்தவில்லை என்றால், அதற்கு முந்தின நாள் வரை தானும் ஊருக்குப் போய்த்தான் இருக்கிறோம் என்று ஒரு பாதி மனசு நம்பிக்கொண்டிருந்ததோ என்னவோ. ஸ்பூன் உள்ளே போனபோது மண் கெட்டியாக இருந்தது, நகத்துக்குள் ஏறியது, நகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதோ, வழுக்கிவிட்டது. நான்கு நிமிடம். சொல்லிவிடலாம். சொன்னால் சொர்ணம் போய்விடுமா, பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்களா, மாநாட்டுக்கு வேறு யாரையாவது அனுப்புவார்களா. ஆறு வருடத்தில் வராத ஒன்று அவன் தட்டில் வந்தது, அதைக் கண்டவன் பொய்யன் என்றால் கண்டதும் பொய்யாகுமா. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீலக் கதவு. சொல்லிவிடலாம். எப்படித் தொடங்குவது, மேடம் ஒரு விஷயம் என்றா, மேடம் தப்பா நினைக்காதீங்க என்றா. மேடம் அந்த நாய் என்று தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நாய் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும், அவன் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது, கூடவே மேடத்தின் குரல், யாரோடோ போனில் பேசிக்கொண்டு. உள்ளே வந்தவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு தாளை எடுத்துப் படித்தார், கையெழுத்து இல்லாத இடத்தை விரலால் தட்டிக் காட்டினார். அதே நேரத்தில் டைமர் அடித்தது. இனிமேல் கை தயங்கக் கூடாத இடம். வெந்நீர்த் தொட்டியில் உருகிக் கிடக்கும் அகர் என்கிற கடற்பாசிக் கூழைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துக் குழாயில் விட வேண்டும், விட்ட உடனே தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பரப்ப வேண்டும். தாமதித்தால் கூழ் குழாயிலேயே இறுகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திருமேனி உறிஞ்சினான், விட்டான், குழாயை உள்ளங்கையில் உருட்டினான். கதகதப்பாக இருந்தது.

"வேன்காரர் லைன்ல இருக்கார்," என்றார் மேடம். "ஞாயித்துக்கிழமை ஆறு மணியா, ஏழு மணியா? அம்மாவுக்கு எது தோது?"

குழாயின் வாய் தட்டின் விளிம்பில் இருந்தது.

"மேடம், அது கோவில்பட்டி மண்ணு இல்ல."

"ஊத்துப்பா. இறுகிரும்."

"அங்க எங்களுக்கு வீடு இல்ல மேடம். நான் லீவுக்கு ஊருக்குப் போகல."

அவர் அவனைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். அப்புறம் போனில், அண்ணே பிறகு கூப்பிடுறேன் என்று வைத்தார். திருமேனி குழாயைச் சாய்த்தான். ஒன்றும் விழவில்லை. இன்னும் சாய்த்தான், உள்ளே சவ்வரிசிக் கட்டி மாதிரி அது அசையாமல் இருந்தது. அத்தனை கோடி பாக்டீரியாவும் சொர்ணமும் போன இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அதைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். எங்கே எடுத்தாய் என்று கேட்டார். ஹாஸ்டல், துவைக்கிற கல்லு, தொட்டி என்றான். கிணறு என்றார். இல்லை என்றான். நாய், ஆசாரியின் விரல் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார், ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று சொன்னான். கடைசியில் அவர் அம்மா என்று தொடங்கி, கேள்வியை முடிக்காமல் விட்டார். இருக்காங்க மேடம், ஓசூர்ல என்றான்.

மேடம் சட்டைப் பையில் செருகுகிற மாதிரியான ஒரு சின்ன ஸ்கேலை மேஜை டிராயரிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தார். குரலில் கோபம் இருந்தது. போஸ்டரில் அந்தப் பத்தியை எடுக்க அவர் நாலு பேருக்குக் கடிதம் எழுத வேண்டும், அதில் இரண்டு பேர் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று சொன்னார். மற்ற பத்துப் பேரிடமும் நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன் என்றார். புதுத் தாள் கொடுங்க மேடம், சரியா எழுதித் தர்றேன் என்றான். கொடுக்கவில்லை. லேப் ரெக்கார்டில் தாளைக் கிழிப்பது கிடையாது, கிறுக்கி மறைப்பதும் கிடையாது. தப்பின் மேல் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்கேலை வைத்துத் திருமேனி கோடு போட்டான். எடுத்த இடத்தின் மேல் ஒரு கோடு, ஒரு கையெழுத்து. மண்ணின் சூட்டின் மேல் ஒரு கோடு, ஒரு கையெழுத்து. குறிப்பு நீளமாக இருந்தது, பின்பக்கம் வரை போயிருந்தது. வாளிகள், மோட்டார், நாய், வரி வரியாகக் கோடு போட்டு வந்தான், எல்லாம் கோட்டுக்கு அடியில் அப்படியே தெரிந்தன. அம்மா குடை பிடித்த வரி வந்ததும் ஸ்கேல் சற்று நின்றது. அதன் மேலும் போட்டான். செம்மண்ணைத் தொடவில்லை.

முடிந்ததும் மேடம் புதுக் குழாய் ஒன்றை நீட்டினார். முதலிலிருந்து பண்ணு என்றார். பாக்டீரியாவை விட்டான், ஃபிரிட்ஜிலிருந்து சொர்ணத்தை எடுத்து ஒரு சொட்டு விட்டான், தாங்கியில் நிறுத்தினான். ஒரு சொட்டு வெளியே விழுந்தது, துடைத்தான். டைமரை அவரே திருகினார். போய்விடுவார் என்று நினைத்தான். அவர் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த அஞ்சு நாளும் என்ன பண்ணின?"

கேட்டதுதான் தாமதம், கதைகள் வரிசையில் வந்து நின்றன. ஹாஸ்டல் கூரையில் மரநாய் ஒன்று, வாட்ச்மேனோடு ஆடுபுலி ஆட்டம், பூட்டின அறையிலிருந்து இட்லி வாசனை, ஒவ்வொன்றும் தலைவாரிப் பொட்டு வைத்துத் தயாராக இருந்தது. திருமேனி வாயைத் திறந்தான், மூடினான். அவர் அவசரப்படவில்லை.

"மொத நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன் மேடம்," என்றான். "பையோட."